தரம் 4 கணக்கில் நியாயம்: எதால் வகுப்பது?

தில்லைப்பூ
2025 ஜூன் 3, இரவு 9.40

கணக்கை வாழ்க்கையோடு சேர்த்துப் படிப்பியுங்கள் என்று செயலமர்வுக்குச் செயலமர்வு சொல்லுகிறார்கள். சேர்த்தால் என்ன வருகிறது? "கமலா 5 மாம்பழம் வாங்கினாள்" போய் "கமலா 5 விளாம்பழம் வாங்கினாள்" வருகிறது. பழம் மாறினதே தவிர கணக்கு மாறவில்லை. இப்போது அதுக்கு மேல சமூகநீதி என்ற சொல்லும் வந்து நிற்கிறது. வகுத்தலிலேயே தள்ளாடுகிற தரம் 4 பிள்ளைக்கு நீதியைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய உதாரணம் வேணும். தத்துவம் வேண்டாம்.

கரைவலை
2025 ஜூன் 3, இரவு 10.25

விளாம்பழத்தில் பிழை இல்லை ரீச்சர். கமலாவிலும் பிழை இல்லை. விடை வந்த பிறகு கேட்க ஒன்றும் மிஞ்சாததுதான் பிழை. ஐந்து பழம், இத்தனை ரூபா, கொப்பியை மூடு.

நீதி என்று கரும்பலகையில் எழுதவே தேவையில்லை. ஆரம்பப் பிரிவில் அது பெரும்பாலும் வகுத்தலுக்குள்ளேதான் கிடக்கிறது. எதை வகுக்கிறோம் என்பதில் சண்டை வராது. எதால் வகுக்கிறோம் என்பதில்தான் வரும். வீட்டாலா, ஆளாலா, ஏக்கராலா, மணித்தியாலத்தாலா? வகுக்கும் எண்ணைப் பிள்ளையே தெரிவு செய்யவேண்டிய ஒரு கணக்கைக் கொடுங்கள். மற்றது தானாக வரும்.

ஒரு முழுப் பாடத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

கரைவலை
2025 ஜூன் 4, காலை 6.10

பவுசர் (தண்ணீர் ஏற்றி வரும் லொறி) தண்ணீர்ப் பாடம். கோடை கடுத்தால் படுவான்கரையிலும் வாகரைப் பக்கமும் பவுசரில்தான் தண்ணீர். பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாத காட்சி.

ஒரு குழுவுக்கு 60 புளியங்கொட்டை, 4 சிரட்டை, 4 அட்டைத்துண்டு. ஒரு கொட்டை 10 லீற்றர் தண்ணீர். ஆக 600 லீற்றர். சிரட்டை ஒவ்வொன்றும் ஒரு வீடு. அட்டையில் ஆட்களின் எண்ணிக்கை: 3, 6, 4, 7.

முதலில் "சமமாகப் பங்கிடுங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அட்டையைக் கவிழ்த்து வைத்திருங்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவார்கள், சிரட்டைக்கு 15 வரும். எல்லாருக்கும் சந்தோசம். அதுக்குப் பிறகு அட்டையை நிமிர்த்தி, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

3 பேர் வீடு: 15 ÷ 3 = 5. ஆளுக்கு 50 லீற்றர்.
6 பேர் வீடு: 15 ÷ 6 = 2, மீதி 3.
4 பேர் வீடு: 15 ÷ 4 = 3, மீதி 3.
7 பேர் வீடு: 15 ÷ 7 = 2, மீதி 1.

இங்கே நிற்க வேண்டும். "இது சரியா?" என்ற ஒரு கேள்வியோடு வாயை மூடுங்கள். அரை நிமிடம் ஒருவரும் பேசாமல் இருப்பது ஆசிரியருக்குத்தான் கஷ்டம், பிள்ளைகளுக்கு இல்லை. 7 பேர் வீட்டுச் சிரட்டையைப் பிடித்திருக்கிற ஒரு பிள்ளையாவது வாய் திறக்கும்.

பிறகு எல்லாக் கொட்டையையும் திரும்ப நடுவில் குவித்து, மொத்தம் எத்தனை ஆள் என்று கேளுங்கள். 20 பேர். 60 ÷ 20 = 3. வீட்டுக்கு 9, 18, 12, 21. கூட்டிப் பார்த்தால் 60 வரவேண்டும். வராவிட்டால் யாரோ எண்ணியதில் பிழை. இந்தச் சரிபார்ப்பை விடக்கூடாது, கூட்டலும் பெருக்கலும் அதுக்குள்தான் பயிற்சியாகிறது.

சறுக்குகிற இடம் இரண்டு.

மீதி. 6 பேர் வீட்டில் "மீதி 3" என்று எழுதிவிட்டுப் பிள்ளை கையைத் துடைத்துக்கொள்ளும். அந்த மூன்று கொட்டை 30 லீற்றர் தண்ணீர், ஒருவரும் வீதியில் ஊற்றப்போவதில்லை. 30 ÷ 6 = 5 லீற்றர். ஆகவே ஆளுக்கு 25. கொட்டையை லீற்றராக மாற்றினால்தான் மீதியும் பங்கிடப்படும். அலகு மாற்றுவது எதுக்கு என்று பிள்ளைக்கு விளங்குகிற இடம் இது. 4 பேர் வீட்டில் ஆளுக்கு 37 லீற்றரும் அரையும் வரும், தசமம் தேவையில்லை, அரை போதும். 7 பேர் வீட்டில் 21 லீற்றரும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை அப்படியே விடுங்கள்.

இரண்டாவது, ஆசிரியர் "ஆள் தலைக்குக் கொடுப்பதுதான் சரி" என்று தீர்ப்புச் சொல்லுவது. 3 பேர் வீட்டில் படுக்கையில் கிடக்கிற அம்மம்மா இருக்கிறா, துணி கழுவ நிறையத் தண்ணீர் வேணும் என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். சொல்லட்டும். அந்த வீட்டுக்கு 3 கொட்டை கூட்டிக்கொடுக்க யாரிடம் எடுப்பது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

வட்டவிதானை
2025 ஜூன் 4, பகல் 12.50

வாசித்தன். இது சமூகக்கல்வி, கணக்கு எங்க?

அதோட ஒண்டு. தண்ணி எண்டால் வீட்டாலயோ ஆளாலயோ வகுக்கிறது குடிதண்ணிக்கு. வட்டையில, அதாவது வயல்வெளியில, தண்ணி ஏக்கருக்கு. 12 மணித்தியாலம் வாய்க்கால் திறப்பு, 36 ஏக்கர். ஏக்கருக்கு எத்தனை நிமிசம்? 720 ÷ 36, இருவது நிமிசம். இதுவரை உங்கட பிள்ளையும் செய்யும். ஆனா கதவைத் திறந்தால் தண்ணி உடன கடைசி வயலுக்குப் போய் நிக்காது. காஞ்ச வாய்க்கால் முதல் குடிக்கும். கடைசி வயலுக்குப் போய்ச்சேர 40 நிமிசம் எண்டு வை. கடைசிக்காரனுக்கு 2 ஏக்கர், அவன்ர முறை 40 நிமிசம். அவன்ர முறைக்குத்தான் கதவைத் திறக்கிறம் எண்டால் அவனுக்கு என்ன கிடைக்கும்?

கரைவலை
2025 ஜூன் 4, பகல் 1.30

பூச்சியம். சமூகக்கல்வி என்று சொன்னவர் இந்த இழையிலேயே நல்ல கணக்கைப் போட்டிருக்கிறார்.

இதைத் தரம் 5க்கு அப்படியே எடுக்கலாம். மணித்தியாலத்தை நிமிடமாக்கல், வகுத்தல், பெருக்கல், கழித்தல் நாலும் இருக்கு. போய்ச்சேருகிற 40 நிமிடத்தை எல்லாரும் பங்கு போடுவதென்றால்? 720 − 40 = 680. 680 ÷ 36 = 18, மீதி 32. ஏக்கருக்கு 18 நிமிடமும் கிட்டத்தட்ட 53 செக்கனும். மேல் வயல்காரர் ஏக்கருக்கு ஒரு நிமிடமும் கொஞ்சமும் விட்டுக்கொடுத்தால் கடைசி வயல் நனைகிறது. "ஒரு நிமிடம்தானே" என்று பிள்ளைகள் வியப்பார்கள்.

வகுப்பில் காட்ட: ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு மணலில் விரலால் வாய்க்கால் கீறி, ஒரு யோக்கட் கப் தண்ணீரை மேல் முனையில் மெதுவாக ஊற்றுங்கள். காய்ந்த மணலில் பாதித் தூரம்கூடப் போகாது. இரண்டாவது கப் கொஞ்சம் தள்ளிப் போகும். விளக்கவுரை தேவையில்லை.

தில்லைப்பூ
2025 ஜூன் 4, இரவு 8.15

வகுத்தல் வராத பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா என்பதுதான் என் கேள்வி. அடிப்படையை முடித்துவிட்டு இதுக்கு வரலாம் என்றுதான் எல்லா இடமும் சொல்லுகிறார்கள்.

கரைவலை
2025 ஜூன் 5, காலை 5.50

"அடிப்படை முடிந்த பிறகு" என்றால் வராது, அடிப்படை ஒருநாளும் முடியாது.

பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்யும் 9 தொடக்கம் 15 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1985இல் வெளியானது. கடையில் நின்றபடி கேட்டால் 98 வீதம் சரி. அதே வகைக் கணக்கைக் குறியீட்டோடு தாளில் கொடுத்தால் 37 வீதம். கதைக்கணக்காகக் கொடுத்தால் இடையில், 74 வீதம். ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய்க்கு என்ன விலை என்று கேட்டால் 12 வயதுப் பையன் பூச்சியத்தைச் சேர்க்கவில்லை. மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று ஏறி 350க்கு வந்தான். மூன்று தேங்காயாகத்தான் அவன் வழக்கமாக விற்பது.

ஐந்து பேர் மட்டும் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் "வகுத்தல் வராத பிள்ளை" என்ற சொல்லை எழுத முன் ஒரு வேலை செய்யலாம். மீனை எப்படிக் கூறு போடுவது, ஒரு கூறு 400 என்றால் 1,000 ரூபாவுக்கு எத்தனை கூறு, மிச்சம் எவ்வளவு என்று வாயால் கேளுங்கள். பிள்ளை மனதில் செய்கிற வழியை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். 400, 800, மிச்சம் 200. நீள்வகுத்தலின் எலும்பு அதுதான். குறியீடு பிறகு போர்த்திக்கொள்ளலாம்.

தில்லைப்பூ
2025 ஜூன் 5, இரவு 9.05

அப்படியென்றால் மண்முனைப் பாதையை (ஆட்களை வாவியைக் கடத்திவிடும் மிதவை) வைத்து ஒன்று செய்து பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். பாதையில் ஒரு தடவைக்கு 25 பேர். கரையில் 83 பேர். எத்தனை தடவை?

வட்டவிதானை
2025 ஜூன் 5, இரவு 9.20

மண்முனையில 2014இலயே பாலம் திறந்தாச்சு ரீச்சர். பாதை வேணுமெண்டால் குருமண்வெளி–மண்டூர் எண்டு போடுங்க. இல்லாட்டி பிள்ளை கணக்கை விட்டுட்டு உங்களைத் திருத்தும்.

கரைவலை
2025 ஜூன் 6, காலை 6.00

இடப்பெயர் பிழைத்தால் பிள்ளை முழுக் கணக்கையும் பொய்யென்று எடுக்கும், அதனால் அந்தத் திருத்தம் சின்ன விசயம் இல்லை.

கணக்கு நல்ல கணக்கு. 83 ÷ 25 = 3, மீதி 8. பாதி வகுப்பு "3 மீதி 8 தடவை" என்று எழுதும். வெட்கப்படத் தேவையில்லை. 1983இல் அமெரிக்க தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம், 1,128 படையினர், ஒரு பஸ்சில் 36 பேர், எத்தனை பஸ் என்று கேட்டார்கள். 29 வீதம் "31 மீதி 12" என்று எழுதினார்கள். 32 என்று எழுதியது 23 வீதம். வகுக்கத் தெரிந்தவர்கள்தான் அப்படி எழுதினார்கள்.

இப்போது அந்த 8 பேரை விடாதீர்கள். முதல் பாதை 6.00க்கு. போய்த் திரும்பி ஆள் ஏற்ற அரை மணித்தியாலம் என்று வைப்போம். 6.00, 6.30, 7.00, 7.30. பாடசாலை மணி 7.30. நாலாவது தடவையில் இருக்கிற 8 பேரும் கரையில் நிற்கும்போதே மணி அடித்துவிடும். அந்த 8 பேரும் யார்? எப்போதும் தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள்தான் கடைசியில் நிற்பார்கள். "பிந்தி வந்த பிள்ளை" என்று வரவுப் பதிவேட்டில் சிவப்புப் பேனையால் குறிப்பதற்கு முன் இந்தக் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று "28 பேர்படி ஏற்றினால் மூன்று தடவையில் முடியும்" என்று சொல்லும். எண் சரி, 28 × 3 = 84. அதைப் பாராட்டிவிட்டுத் தாண்டிப் போகக்கூடாது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். 25 என்பது வகுக்கும் எண் மட்டும் இல்லை, எல்லை. எல்லையை மாற்றி விடையைச் சுகமாக்கக்கூடாது என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். வகுப்பில் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளை இருந்தால் கிண்ணியாப் பேச்சே எடுக்காதீர்கள்.

கைத்தறி
2025 ஜூன் 6, பகல் 2.40

மருதமுனைப் பக்கமிருந்து. நிறைக்கு ஒரு பாடம் சொல்றன், செலவு கொஞ்சம்தான்: பேக்கரிப் பாண்.

பாண் ஒரு றாத்தல் எண்டால் 450 கிராம் இருக்க வேணும். 13.5 கிராம் வரைக்கும் குறையலாம் எண்டு 2024இல வர்த்தமானி. அதாவது 436.5க்குக் கீழ போகக்கூடாது. அரை றாத்தலுக்கு 225, அதில 9 கிராம் வரைக்கும் குறையலாம். சமையல் டிஜிட்டல் தராசு ஒண்டு போதும்.

தராசை முதல்ல சோதிக்க வேணும். வெறும் போத்தலை நிறுத்து எழுதுங்க. அளவுசாடியால ஒரு லீற்றர் தண்ணீர் ஊத்தி மறுபடி நிறுங்க. வித்தியாசம் 1,000 கிராமுக்குக் கிட்ட இருந்தால் தராசு நல்லம். கழித்தல் பாடம் அங்கயே முடிஞ்சிடும்.

ஐந்து பாண் வந்தது எண்டு வைப்பம்: 448, 441, 436, 452, 429. கூட்டினால் 2,206. இருக்க வேண்டியது 5 × 450 = 2,250. குறை 44 கிராம்.

கரைவலை
2025 ஜூன் 6, பின்னேரம் 4.15

கைத்தறி நானா போட்ட எண்ணில் 436தான் தங்கம். எல்லை 436.5. அரைக் கிராமால் விழுந்துவிட்டது என்று பிள்ளைகள் பேக்கரிக்காரரைப் பிடிக்கப் புறப்படுவார்கள். ஆனால் சமையல் தராசு ஒரு கிராம் கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடும். 436 என்று காட்டினால் உண்மை 437 ஆகவும் இருக்கலாம், 435 ஆகவும் இருக்கலாம். நம்முடைய கருவியின் நுணுக்கம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் குற்றம் சாட்டலாம். 429ஐப் பற்றிப் பேசலாம், 436ஐப் பற்றிப் பேசக்கூடாது. தரம் 4 பிள்ளைக்கு இது விளங்கும்.

பாணைக் கடைப்பெயர் தெரியாமல் அ, ஆ, இ, ஈ, உ என்று குறியிட்டு நிறுங்கள். பேக்கரிக்காரரின் பேத்தி இரண்டாவது வாங்கில் இருப்பா.

வட்டவிதானை
2025 ஜூன் 7, காலை 7.30

பாணை விட்டுட்டு நெல்லுக்கு வாங்க. வாங்குறவன் நிறையில மூட்டைக்கு 2 கிலோ கழிவு எண்டு வெட்டுறான். 40 மூட்டைக்கு 80 கிலோ. 2025 பெப்ரவரியில அரசாங்கம் சொன்ன விலை நாடு எண்ட நெல்லுக்குக் கிலோ 120. 80 × 120 = 9,600 ரூபா. இதுதான் நீதிக்கணக்கு. பிள்ளைக்கு நேர சொல்லலாம், உங்கட அப்பாட்ட எடுத்த காசு இவ்வளவு எண்டு.

கரைவலை
2025 ஜூன் 7, காலை 9.00

பெருக்கல் சரி, தீர்ப்பு அவசரம். கழிவு முழுக்க களவு என்று பிள்ளைக்குச் சொன்னால் அது பிழையான கணக்கு.

நெல் 14 வீத ஈரத்தில் இருக்க வேண்டும் என்பது கொள்வனவு அளவுகோல். பச்சை நெல்லைக் காயவைத்தால் நிறை குறைவது உண்மை. 66 கிலோ மூட்டை 18 வீத ஈரத்தில் வந்தால், 14க்குக் காயும்போது கிட்டத்தட்ட 63 கிலோ ஆகும். 3 கிலோ போய்விட்டது. 16 வீதத்தில் வந்தால் ஒன்றரைக் கிலோ போகும். 14இல் வந்தால் ஒன்றும் போகாது. ஆக, 2 கிலோ கழிவு என்பது 16க்கும் 17க்கும் நடுவில் ஈரமுள்ள நெல்லுக்கு நியாயமான கழிவு. இரண்டு நாள் வெயிலில் போட்டு 14க்குக் கொண்டுவந்தவருக்கும் அதே 2 கிலோ கழித்தால் அங்கேதான் அநியாயம். ஈரநெல் கொண்டுவந்தவர் லாபத்தோடு வீட்டுக்குப் போகிறார். எல்லாருக்கும் ஒரே 2 கிலோ. பவுசர்ப் பாடத்தில் எல்லா வீட்டுக்கும் 15 கொட்டை என்றதும் இதேதான்.

சாக்குக்கும் சேர்த்துத்தான் கழிவு என்பார்கள். வெறும் உரச்சாக்கை நிறுத்துப் பாருங்கள், கால் கிலோவைக்கூடத் தொடாது.

வீதக்கணக்குத் தரம் 4க்கு வேண்டாம். செய்கை போதும். வெட்டின அன்றைய நெல் 1 கிலோவைப் பன்பாயில் மெல்லிசாகப் பரப்பி, காலையும் பின்னேரமும் நிறுத்து, இரண்டு நாளைக்கு அட்டவணை போட வேண்டும். முதல் நாள் வேகமாக விழும், இரண்டாம் நாள் மெதுவாகும். அந்த இரண்டு நாளும் ஒரு பிள்ளை காவல். கோழி கொத்தினது அட்டவணையில் ஈரக்கழிவாகத்தான் பதிவாகும்.

கைத்தறி
2025 ஜூன் 7, பகல் 11.20

அப்ப பாணும் காயும்தானே?

கரைவலை
2025 ஜூன் 7, பகல் 11.45

காயும். நேற்றே இது எனக்குத் தோன்றவில்லை. காலையில் வாங்கிய பாணைக் காலையிலேயே நிறுக்க வேண்டும், வெட்டக்கூடாது, ஐந்தையும் ஒரே நேரத்தில். பழைய பாணை நிறுத்து யாரையும் குறை சொல்லக்கூடாது. நேற்றைய குறிப்பில் இதைச் சேர்த்து வாசியுங்கள்.

வட்டவிதானை
2025 ஜூன் 7, இரவு 8.40

ஈரமானி வச்சிருக்கிறவன் ஆர், விவசாயியா வாங்குறவனா? அதையும் கேளுங்க.

கரைவலை
2025 ஜூன் 8, காலை 6.20

கேட்க வேண்டும். தரம் 5 பிள்ளை கேட்கும், பரீட்சைத் தாள் அதுக்கு மார்க்ஸ் போடாது.

இதோடு சேர்த்து, பெயர் விசயத்தை இப்பவே எழுதிவிடுகிறேன். நம்முடைய கரையில் ஊருக்கு ஊர் மாறி மாறித் தமிழரும் முஸ்லிம்களும். காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பஸ் போனால் தெரியும். வியாபாரிக்கு எப்போதும் ஒரு சமூகத்துப் பெயர், விவசாயிக்கு எப்போதும் மற்றச் சமூகத்துப் பெயர் என்று பத்துக் கணக்கு எழுதினால், பெருக்கலோடு சேர்த்து வேறொன்றையும் படிப்பித்துவிட்டோம். நினைத்துச் செய்வதில்லை, பேனை தானாக எழுதுகிறது. ஒரு தவணைக் கணக்கு முழுவதையும் எடுத்து, ஏமாறுகிறவர் யார், ஏமாற்றுகிறவர் யார், கூலி வாங்குகிறவர் யார் என்று மூன்று நிரலில் பெயரை எழுதிப் பாருங்கள். சுகமான வழி, பெயரே போடாமல் "வாங்குபவர், விற்பவர்" என்று எழுதுவது. போட வேண்டியிருந்தால் அடுத்த கணக்கில் இடம் மாற்றுங்கள்.

தில்லைப்பூ
2025 ஜூன் 8, இரவு 9.30

மைக்ரோ லோன்? வகுப்பில் பாதி வீட்டில் கிழமைக்கட்டு, அதாவது கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன், இருக்கு. அதைவிட நியாயக் கணக்கு ஏது?

கரைவலை
2025 ஜூன் 8, இரவு 10.00

வீட்டு லோனை வகுப்புக்குக் கொண்டுவரவே கூடாது. "உங்கள் வீட்டில் எவ்வளவு கடன்" என்று கேட்ட அன்றைக்கே அந்தப் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் முடிந்தது. அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் காசு) யாருக்குக் கிடைக்கிறது என்று கை உயர்த்தச் சொல்லுவதும் அதே வகை. பிள்ளையின் வறுமை வகுப்புக்குத் தரவு இல்லை.

வீட்டுப் பெயர் இல்லாத லோன் என்றால் தரம் 5க்கு ஒன்று போதும். 30,000 எடுத்து, கிழமைக்கு 750 படி 52 கிழமை. 52 × 750 = 39,000. கூடக் கட்டினது 9,000. இவ்வளவுதான் பிள்ளைக்கு.

ஆசிரியருக்கு மட்டும்: இதைப் "30 வீத வட்டி" என்பார்கள். ஆனால் 30,000 வருசம் முழுக்கக் கையில் இருக்கவில்லை. கிழமைக்குக் கிழமை திருப்பிக் கட்டுவதால் சராசரியாக 15,000 அளவுதான் கையில். 9,000ஐ 15,000ஆல் வகுத்தால் 60 வீதம். மறுபடியும் எதால் வகுப்பது என்ற இடத்துக்கே வந்துவிட்டோம்.

கைத்தறி
2025 ஜூன் 9, பகல் 1.10

கூலிக்கும் இது பொருந்தும். நாளைக்கு 4 சாரன், சாரனுக்கு 450 எண்டு வைங்க. 1,800. நல்ல நாட்கூலி எண்டு சொல்லுவாங்க. ஆனா பாவு பூட்ட, அதாவது தறியில நெடுநூல் ஏத்த, ஒரு நாள் போகும், அதுக்குக் காசு இல்லை. அஞ்சு நாள் நெசவு, ஒரு நாள் பாவு. 9,000 ÷ 6 = 1,500. அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்ட நேரம் வேற.

கரைவலை
2025 ஜூன் 9, பகல் 3.00

ஆண் கூலி, பெண் கூலிக் கணக்குப் போடுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வயல் வேலைக்கு ஆணுக்கு 2,400, பெண்ணுக்கு 1,500 என்று ஒரு கணக்கு. வித்தியாசம் 900, அநியாயம் என்று முடித்துவிடலாம். ஆண் 8 மணித்தியாலம், பெண் 6 மணித்தியாலம் என்று சேர்த்தால்? மணித்தியாலத்துக்கு 300, 250. வித்தியாசம் 50ஆகச் சுருங்கும். அந்த 50 இன்னும் அநியாயம்தான், ஆனால் 900 இல்லை.

இங்கே நிறுத்தினாலும் அரைகுறை. மிச்ச 2 மணித்தியாலம் அவ எங்கே போனா? பிள்ளைகளுக்கு விடை தெரியும்: தண்ணீர், விறகு, சோறு, தம்பியைக் குளிப்பாட்டுவது. மணிக்கூட்டுப் படம் ஒன்று கீறி, ஒரு நாளின் 24 மணித்தியாலத்தை நிறம் தீட்டச் சொல்லுங்கள். "ஒரு அம்மா" என்று போடுங்கள், "உங்கள் அம்மா" என்று போடாதீர்கள்.

கரைவலை
2025 ஜூன் 10, காலை 6.05

இரவு முழுக்க மேலே எழுதினதை வாசித்ததில் ஒரு குறை தெரிகிறது. நெல், லோன், கூலி எல்லாம் பிள்ளையால் மாற்ற முடியாதவை. ஒன்றன்பின் ஒன்றாக இதையே கொடுத்தால், உலகம் அநியாயம், கணக்கு அதை உறுதி செய்கிறது என்ற அலுப்புத்தான் மிஞ்சும். முதல் பாடத்தைப் பாடசாலை மதிலுக்குள் எடுங்கள்.

மைதானம். கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டுப் பிள்ளைகளே அளக்கலாம். 60 × 40 மீற்றர் என்றால் 2,400 சதுரமீற்றர். கிரிக்கெட் விளையாடுகிற 20 பேர் 40 × 40 பிடித்திருக்கிறார்கள்: 1,600. மிச்சம் 800இல் 60 பிள்ளைகள். ஆளுக்கு 80 சதுரமீற்றர் ஒரு பக்கம், 13உம் கொஞ்சமும் மறுபக்கம். பிள்ளைகள் கிழமை நாட்களைப் பங்கு போடுவார்கள். கிரிக்கெட்காரர் பந்துக்கு அந்த அளவு இடம் தேவை என்று வாதாடுவார்கள், அதுவும் நியாயம்.

மலசலகூடம். இடைவேளை 20 நிமிடம். ஒருவருக்கு 3 நிமிடம். 20 ÷ 3 = 6, மீதி 2. இரண்டு கூடம் என்றால் 12 பேர். பெண்பிள்ளைகள் 60 பேர். மிச்சம் 48 பேர் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இதைக் கேட்டு ஆசிரியரே ஒருமுறை திரும்பக் கூட்டிப் பார்ப்பார்.

அதிபருக்கு முதலே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சொல்லாமல், இந்த எண்களோடு பிள்ளைகள் எழுதுகிற கடிதம் அவருடைய மேசைக்குப் போனால், அது கணக்காக வாசிக்கப்படாது, முறைப்பாடாக வாசிக்கப்படும். கூடம் கட்டக் காசு வராது, ஆனால் தரம் 1, 2க்குப் பத்து நிமிடம் முந்தி இடைவேளை விடக் காசு தேவையில்லை. அந்த யோசனையைப் பிள்ளைகளே எண்ணோடு எழுதட்டும்.

தில்லைப்பூ
2025 ஜூன் 10, இரவு 8.50

புளியங்கொட்டைதான் தொடங்குகிறேன், வெள்ளிக்கிழமை. எட்டுக் குழு, 480 கொட்டை.

கரைவலை
2025 ஜூன் 10, இரவு 9.10

520 கொண்டு போங்கள். குழுவுக்கு ஐந்து எப்படியும் வாங்குக்குக் கீழே உருண்டுவிடும், வறுத்த கொட்டை என்றால் வாய்க்குள்ளும் போகும்.

வட்டவிதானை
2025 ஜூன் 10, இரவு 9.25

வறுக்காம கொண்டு போங்க. சிரட்டையை முதல் நாளே நல்லாச் சுரண்டிப்போடுங்க, இல்லாட்டி எறும்பு.